ஓனச்சன் வகையறா

"அந்தக் குட்டி மறுபடியும் அசைஞ்சிருச்சு," என்றான் சஜு, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே. "இன்னொண்ணு எடுத்துக்கலாம். எல்லாரும் பெட்டியைப் பாருங்க. முகத்துல கொஞ்சம் துக்கம் வரட்டும்."

துக்கத்தை இப்படி வரச்சொல்லிக் கேட்பதில் அங்கே யாருக்கும் கூச்சமில்லை. கேரளத்தில் பாலா ஊர்ப் பக்கத்து ரப்பர் மலைகளில் குடும்பப் படம் எடுக்காமல் எந்தப் பெட்டியும் முற்றத்தைத் தாண்டியதில்லை. கல்யாணப் படத்தில்கூட யாராவது ஓரத்தில் பல் குத்திக்கொண்டு நிற்பான். சாவுப் படத்தில் அந்தச் சலுகை கிடையாது. தலைமாட்டில் மனைவி, ஒரு பக்கம் மகன் குடும்பம், மறுபக்கம் மகள் குடும்பம், பின்னால் கூடப்பிறந்தவர்கள். அதை அச்சடித்து ஆல்பத்தில் ஒட்டி, அடுத்த சாவு வரைக்கும் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

இது ஐந்தாவது முயற்சி. இறந்தவர் உலகன்னான் என்கிற ஓனச்சன், வயது எழுபத்தொன்று. ஐந்து தடவையும் ஒழுங்காக இருந்தது அவர் ஒருவர்தான். அசைந்தது அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி ரோஸ்மி, பத்து வயது. முதல் படத்தில் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். இரண்டாவதில், தார்ப்பாயில் தேங்கிய மழைத்தண்ணீர் கொட்டிய பக்கம் திரும்பினாள். மூன்றாவதில் செருப்பைக் கழற்றி மாட்டினாள். நான்காவதில், ஹூஸ்டனிலும் குவைத்திலும் சொந்தக்காரர்கள் நேரலையில் பார்த்துக்கொண்டிருக்க, "மூச்சே விடலைன்னா அப்பச்சன் மூக்குல பஞ்சு எதுக்கு?" என்று சத்தமாகக் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஐந்தாவதில் என்ன செய்தாள் என்று அவளுடைய அம்மா டெஸ்ஸி பார்க்கவில்லை. அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டெஸ்ஸி, அவளை உள்ள அனுப்பு," என்றான் அண்ணன் ஜோபி. சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பார்த்தான். சாவு வேலை முழுவதையும் அவன் எண் போட்டு அந்தத் தாளில் எழுதியிருந்தான். முடிந்ததற்கெல்லாம் எதிரே ஒரு சிவப்புக் கோடு. "மூணு மணிக்குக் கோவில்லேருந்து விகாரி அச்சன் வர்றார். இப்ப ரெண்டு இருபது. ஒரே ஒரு படம் நல்லபடியா எடுத்துட்டு, அப்புறம் கூட்டிக்கோ."

"அவ நிக்கட்டும் சேட்டாயி."

"நிக்க மாட்டேங்கறாளே, அதுதானே பிரச்சினை."

பின்வரிசையிலிருந்து வர்க்கிப் பேரப்பன் குரல் கொடுத்தார். ஓனச்சனின் மூத்த அண்ணன் அவர். காது மந்தம், அதனால் ரகசியம் பேசத் தெரியாதவர். "விடுங்கடா. ஓனச்சன் வகையறா அது. எப்படி நிக்கும்? அவனே இன்னிக்குத்தான் ஜென்மத்துல முதல் தடவையா ஒரு படத்துக்கு ஆடாம அசையாம இருக்கான்."

முற்றம் முழுக்கச் சிரித்தது. தலைமாட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஓனச்சனின் மனைவி அம்மச்சியின் உதடுகூடக் கொஞ்சம் கோணியது. பேரப்பன் அதைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பிமேல் அவருக்குப் பாசம் உண்டு. பாசத்தோடு சொன்னதால்தான் அது அத்தனை வருஷம் ஓடியது.

நாலு மாதத்துக்கு முன்னால் என்றால் டெஸ்ஸியும் சிரித்திருப்பாள். அவளும் அந்த ஜோக்கை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இன்று காலையில் பேரப்பன் பழைய ஆல்பத்தைப் பரப்பிவைத்து எல்லாருக்கும் காட்டியபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தாத்தாவின் சாவுப் படத்தில் ஓனச்சன் கடைசியில் நிற்கிறார், அசைந்ததால் கலங்கிய முகமும் இரண்டு தலையுமாக. அவருடைய அம்மாவின் சாவுப் படத்தில் ஆளே இல்லை. ஐஸ் கட்டி வாங்கப் போன வழியில் யாரோ ஒருவனுடைய ஜீப் பள்ளத்தில் இறங்கியிருக்க, அதைத் தூக்கிவிட்டு ஐஸை மறந்து சாயங்காலம் வந்தார். தம்பியின் சாவுப் படத்தில் இருக்கிறார்; ஆனால் எல்லாரும் பெட்டியைப் பார்க்க, அவர் அண்ணாந்து பலாமரத்தில் தேன்கூடு பார்க்கிறார். இதைவிடச் சிரிப்பான ஆல்பம் அந்தக் குடும்பத்தில் வேறில்லை. டெஸ்ஸி அதைப் பார்த்துவிட்டுக் கிணற்றடியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

கோட்டயத்து டாக்டரம்மா ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னது போன மார்ச்சில். ரோஸ்மியின் வகுப்பு சிஸ்டர், "புத்திசாலிப் பிள்ளை, ஆனா பெஞ்சுல உடம்பு மட்டும்தான் இருக்கு" என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்முன்னால் இருக்கும் பொருளைத் தேடுகிறாளா? கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிறாளா? கூப்பிட்டால் காதில் விழாதவள் போல இருக்கிறாளா? ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போகிறாளா? ஆனால் பிடித்த வேலையில் இறங்கிவிட்டால் சோறு தண்ணீர் மறக்கிறாளா? டெஸ்ஸி 'ஆம், ஆம்' என்று கோடு போட்டுக்கொண்டே போனாள். பாதித் தாளில் பேனா ஒரு நொடி நின்றது. அதற்கு மேல் அவள் மகளைப் பற்றி எழுதவில்லை. தன் அப்பாவை, அப்பச்சனைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள்.

"கவனம் ஒரு இடத்துல நிக்காத கோளாறு, இதுக்கு ஏடிஎச்டின்னு பேரு," என்றாள் டாக்டரம்மா. "பையனா இருந்திருந்தா ரெண்டாம் கிளாஸ்லயே தூக்கிட்டு வந்திருப்பீங்க. பொண்ணுங்க கிளாஸ்ல ஜன்னலைப் பாத்துட்டு சும்மா உக்காந்திருக்கும். யாருக்கும் தொல்லையில்லைன்னு விட்டுடுவாங்க. வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?"

டெஸ்ஸி சிரித்தாள். பதினாறு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறவள், ஊராரின் நாடியெல்லாம் பிடித்தவள், சொந்த வீட்டில் நடமாடியதை அடையாளம் காணவில்லை. சிரித்தது அழுகையில் முடிந்தது.

ஓனச்சன் செய்யாத வேலை கிடையாது. ஜீப் ஓட்டினார், ரப்பர் வெட்டினார், முயல் வளர்த்தார், வனிலா நட்டார், தேனீப் பெட்டி வைத்தார். எதுவும் இரண்டு மழைக்காலம் தாண்டவில்லை. மகளின் முதல் நற்கருணை அன்று பாதிப் பூசையில் கோவிலுக்கு வந்தார், சட்டையை உள்பக்கம் வெளியாகப் போட்டுக்கொண்டு, வழியில் வாங்கிய ஆட்டோடு. அது சிரிப்புக் கதை. சிரிக்க முடியாத கதையும் இருந்தது. அவளுடைய நர்சிங் விண்ணப்பத்தைத் தபாலில் சேர்க்கக் கொடுத்தபோது, அது பதினொரு நாள் ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடந்தது. அவள் படிப்பில் ஒரு வருஷம் போயிற்று. அதற்குப் பிறகு ரொம்ப காலம் அவள் அவரிடம் சரியாகப் பேசவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவும் மறந்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தாள்.

டாக்டரைப் பார்த்த மறுநாள் அவள் அப்பச்சனிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கிணற்று மோட்டாரைப் பிரித்துப் பரப்பிவைத்திருந்தார். கேட்டுக்கொண்டே இருந்தார். குறுக்கே பேசவில்லை, அது அவரிடம் அதிசயம். கடைசியில் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் சோம்பேறி இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லப்பச்சா."

"உன்னோட தபாலு... மறந்தேன்னு சொன்னா யாரும் நம்பலை. எனக்கே நம்ப முடியல மோளே. பெத்த பிள்ளை காரியத்தை ஒருத்தன் எப்படி மறப்பான்? நான் கெட்டவன்னு நெனச்சுக்கிட்டேன்."

பேத்திக்காகக் கேட்பவர்போல, இதற்கு மருந்து உண்டா என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கும் உண்டு என்றாள். வருகிற வியாழக்கிழமைக்குத்தான் டாக்டரிடம் அவருக்கு நேரம் கிடைத்திருந்தது. நேற்று முன்தினம் பக்கத்து வீட்டு மோட்டாரைச் சரிபண்ணிவிட்டு எழுந்தவர், மறுபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு. இரத்த அழுத்த மாத்திரையை அவர் எட்டு நாளாகப் போடவில்லை.

"மாத்திரை போடக்கூட பொறுப்பில்லாத மனுசன்" என்று நேற்றிலிருந்து இந்த வீட்டில் ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்னும் அரைமணி நேரத்தில் பெட்டி கிளம்பிவிடும். அப்புறம் அந்தப் பேச்சுதான் ஓனச்சன். அதே பேச்சு இப்போது பத்து வயசுப் பெண்ணின் தலையில் ஏறுகிறது. அதை மட்டும் விடக்கூடாது என்று டெஸ்ஸி முடிவுசெய்திருந்தாள்.

ரோஸ்மி அவள் முழங்கையைச் சுரண்டினாள். "அம்மா, நான் உள்ள போயிடறேன். எனக்கு நிக்க வரல. என்னாலதான் அப்பச்சனுக்கு லேட் ஆகுது."

"நீ எங்கயும் போக வேண்டாம்."

"டெஸ்ஸி," ஜோபி பல்லைக் கடித்தான். "பிடிவாதம் பண்ற நேரமா இது?"

"என் மகள் இல்லாம எடுக்குற படத்துல நானும் இல்ல. அப்படி ஒரு படம் வேணும்னா எங்க ரெண்டு பேரையும் வெட்டிட்டு எடுத்துக்கோ."

"எடீ," என்றாள் அம்மச்சி. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை. "நாப்பத்தாறு வருஷம் அந்த மனுசனோட நான் மாரடிச்சேன். அடுப்புல பால் வெச்சுட்டுப் போவார், வீடு எரியப் பாக்கும். ஜெபம் சொல்ல ஆரம்பிச்சா பாதியில எழுந்து போவார். நான் பட்டது போதும். இவளையாவது அடிச்சு அடக்கி வளத்து விடு. நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போக வேண்டியவ."

"அம்மச்சி பட்டது எனக்குத் தெரியும். இல்லைன்னு சொல்லல. ஆனா அவரை அடிக்காமலா விட்டாங்க? தாத்தா அடிச்சார், வாத்தியார் அடிச்சார், அச்சன் கோவில் வாசல்ல முட்டி போட வெச்சார். அடக்கினது எங்க அடங்குச்சு? தான் கெட்டவன்னு ஒரு நெனப்பு மட்டும்தான் உள்ள தங்குச்சு."

"லைவ் போயிட்டிருக்கு," என்று ஜோபி சீறினான்.

"போகட்டும். ஹூஸ்டன்லயும் சாவியைத் தேடிட்டு ஒருத்தன் உக்காந்திருப்பான், அவனும் கேக்கட்டும்." அவள் குரல் தானாகவே உயர்ந்தது. "அப்பச்சன் சோம்பேறி இல்ல. பொறுப்பில்லாதவரும் இல்ல. அவருக்கு ஏடிஎச்டி இருந்தது. என் மகளுக்கும் இருக்கு. மாத்திரையை மறக்குறதே அந்தக் கோளாறுதான். சக்கரை வியாதிக்காரனைப் பாத்து உனக்கு ஏன் ரத்தத்துல சக்கரைன்னு யாராவது திட்டுவீங்களா?"

"அதென்ன, பட்டப்படிப்பா?" என்று கேட்டார் வர்க்கிப் பேரப்பன் பக்கத்திலிருந்தவரிடம். "ஓனச்சன் எட்டாவது தாண்டலையே."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டெஸ்ஸிக்கும் ஒரு நொடி சிரிப்பு முட்டியது, விழுங்கிக்கொண்டாள். மகளைப் பெட்டிக்கு இன்னும் நெருக்கமாக இழுத்து முன்னால் நிறுத்தினாள். சஜு பார்த்துக்கொண்டே நின்றான்.

"எடுங்க சஜு. அசைஞ்சா அசைஞ்ச படம். அவ அப்படித்தான் இருப்பா."

சஜு ஜோபியைப் பார்த்தான். ஜோபி கடிகாரத்தைப் பார்த்தான். சஜு எடுத்தான். ரோஸ்மி கேமராவைப் பார்த்து நாக்கைத் துருத்தவில்லை என்பதே அன்றைக்குப் பெரிய விஷயம். ஜோபி தாளை எடுத்துப் 'படம்' என்று எழுதியிருந்த இடத்தில், தாள் கிழியும்படி ஒரு சிவப்புக் கோடு இழுத்தான். அதற்குப் பிறகு அவன் தங்கையிடம் பேசவில்லை.

கோவில் வரைக்கும் மழை விடவில்லை. டெஸ்ஸி ரோஸ்மியின் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். சொந்தக்காரப் பெண்கள் இரண்டு அடி தள்ளியே நடந்தார்கள். நடக்கட்டும். ஜெயித்தோமா என்று அவளுக்குத் தெரியவில்லை. படத்தில் நிற்கவைத்தாயிற்று, ஊர் வாயை அடைக்க முடியவில்லை.

பலிபீடத்துக்கு முன்னால் பெட்டியை இறக்கினார்கள். கடைசி முத்தம். ஊர்க்காரர்கள், உறவினர்கள், பிறகு வீட்டுக்காரர்கள். அம்மச்சி குனிந்து நெற்றியில் முத்தமிட்டாள், எழவில்லை, பேரப்பன்தான் பிடித்துத் தூக்கினார். ரோஸ்மி அப்பச்சனின் மூக்கு நுனியில் முத்தமிட்டாள். டெஸ்ஸிக்கு அவர் நெற்றியின் குளிர் உதட்டிலேயே தங்கிவிட்டது.

"முகம் மூடற துணி," என்று விகாரி அச்சன் கையை நீட்டினார்.

அதை மூத்த மகன்தான் போட வேண்டும். புதுத் துணி, வெள்ளை. ஜோபி சட்டைப் பையில் கை விட்டான். தாள் வந்தது. மறு பையில் விட்டான், கைக்குட்டையும் வண்டிச் சாவியும் வந்தன. கால்சட்டைப் பைகளைத் தடவினான். மறுபடி சட்டைப் பை. தாளை விரித்தான்: பத்தொன்பது, முகத்துணி. எதிரே சிவப்புக் கோடு தெளிவாக இருந்தது. வாங்கியதற்குப் போட்ட கோடு அது. வாங்கி, இஸ்திரி போட்டு, எங்கேயோ பத்திரமாக வைத்திருக்கிறான்.

"வண்டியிலயா?" என்றாள் அவன் மனைவி. அவனுக்குத் தெரியவில்லை.

இருமல் சத்தம்கூட இல்லாத கோவிலில், மூன்றாவது பெஞ்சிலிருந்து வர்க்கிப் பேரப்பன் தன் மனைவியிடம் ரகசியமாகச் சொன்னது கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. "அப்பனை அடக்கம் பண்ண வந்தவன் துணியை மறந்துட்டு வந்திருக்கான். ஓனச்சன் வகையறா, வேறென்ன."

டெஸ்ஸி நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அந்த முகம் அவளுக்குத் தெரியும். வீட்டுப்பாடத்தை எழுதிவிட்டு நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த அன்று சிஸ்டரின் மேசைக்கு முன்னால் ரோஸ்மிக்கு இருந்த முகம் அது; அடி எங்கிருந்து வரும் என்று தெரியாத முகம். நாற்பத்துநாலு வயசு, கூட்டுறவு வங்கி மேலாளர். கீழே பார்த்தாள். ஷூவுக்குள் அவன் கால் விடாமல் ஆடிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தாள். அப்பச்சனையே நினைத்துக்கொண்டிருந்ததால் அன்று டெஸ்ஸி காதில் அது ஏறவில்லை. சிலருக்கு அது வெளியே தெரியாது, பட்டியலும் அலாரமும் வைத்துப் பொத்திப் பொத்தி மறைப்பார்கள், ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நிற்பார்கள், தங்களிடம் உள்ள எதற்குப் பயப்படுகிறார்களோ அதற்காகப் பக்கத்தில் இருப்பவனைத் திட்டுவார்கள், ராத்திரி களைத்து விழுவார்கள். ஜோபியின் போனில் எத்தனை அலாரம் என்று அவளுக்குத் தெரியும். சாவியை யாராவது இடம் மாற்றி வைத்தால் அவன் போடும் கூச்சலும் தெரியும். அவனை அவள் கல்நெஞ்சுக்காரன் என்று நினைத்திருந்தாள். இவனையும் அவள் அடையாளம் காணவில்லை.

அவன் பக்கத்தில் போய் நின்றாள். விகாரி அச்சன் நீட்டிய கை அப்படியே இருந்தது.

ஜோபி தாளை மடித்தான். பெஞ்சுகளின் பக்கம் திரும்பினான்.

"ஆமா பேரப்பா," என்றான். குரல் அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்திருக்க வேண்டும். அவனே கொஞ்சம் திடுக்கிட்டான். ஆனாலும் குறைத்துக்கொள்ளவில்லை. "ஓனச்சன் வகையறாதான். நானும்தான். சின்ன வயசுலேருந்தே."

பேரப்பன் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அம்மச்சி மகனையே பார்த்தாள், முதல் தடவையாகப் பார்ப்பவள் போல.

அதற்குள் ரோஸ்மி கோவிலுக்காகத் தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை உருவி நீட்டிக்கொண்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை, யோசித்துச் செய்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஒரு மூலையில் நீல மை. விகாரி அச்சன் மையைப் பார்த்தார், புதுத் துணி இல்லையே என்று சொல்லப் போனார். ஜோபி அதற்கு முன்பே ஒரு முனையைப் பிடித்துவிட்டான். மறு முனையை அவள் விடவில்லை, அவனும் விடச்சொல்லவில்லை. இருவருமாக அதைப் பெட்டிக்குமேல் கொண்டுபோய் இறக்கினார்கள். சின்னத் துணி; நெற்றியிலிருந்து உதடு வரைக்கும்தான் வந்தது. சவரம் பண்ணிய தாடை வெளியே தெரிந்தது. யாரும் அதை இழுத்துவிடவில்லை.

விகாரி அச்சன் ஜெபத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்தார். வெறுந்தலையோடு நின்ற ரோஸ்மி ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் மாமனின் காலும் ஆடிக்கொண்டிருந்தது. அவன் அதை நிறுத்தவில்லை.